தென்காசி காற்றில் படம் ஆடுதா? டெலிபோட்டோ லென்ஸுக்கு எந்த ட்ரைபாட், எந்த ஹெட் சரி? முழு விவரம்

ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்தாலே குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் கூட்டம் கிளம்பிவிடும். அருவியில் குளிக்க ஒரு கூட்டம் என்றால், கேமராவோடு வருகிற கூட்டம் இன்னொன்று. ஜூலை, ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்துவிட்டால் கேரளாவில் இருந்தும் கார் கட்டி வருகிறார்கள். முன்பெல்லாம் கையடக்க கேமராவோடு வந்தவர்கள்தான் அதிகம். இப்போது 150-600, 200-600 என்று முழங்கை நீளத்துக்கு டெலிபோட்டோ லென்ஸ் மாட்டிக்கொண்டு நிற்பவர்களையும் பார்க்க முடிகிறது.

பிரச்னை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். கேமராவின் சின்னத் திரையில் பளிச்சென்று தெரிந்த படத்தை கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் லேசாக ஆடியிருக்கும். பூவின் விளிம்பு இரண்டாகத் தெரியும். பறவையின் கண் மங்கியிருக்கும். 'லென்ஸ் சரியில்லை, ஏமாந்துட்டோம்' என்று பலரும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் பல நேரங்களில் குற்றவாளி லென்ஸ் அல்ல, அதைத் தாங்கி நின்ற ட்ரைபாட்டும் அதன் மேலிருக்கும் ஹெட்டும்தான்.

லட்சக்கணக்கில் செலவு செய்து லென்ஸ் வாங்கிவிட்டு, ட்ரைபாட்டை மட்டும் 'ஏதோ ஒண்ணு போதும்' என்று எடுப்பது ஏன் தவறு? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

தென்காசியில் ஏன் இவ்வளவு காற்று?

தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் இருந்து வரும்போது மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போலத் தடுக்கிறது. மலையில் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ, அங்கெல்லாம் காற்று நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பாய்கிறது. தமிழ்நாட்டில் பாலக்காடு கணவாய், செங்கோட்டை கணவாய், ஆரல்வாய்மொழி கணவாய் ஆகிய மூன்றும் இப்படிப்பட்ட காற்று வழிகள். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக நுழையும் காற்றின் நேர் பாதையில்தான் தென்காசி இருக்கிறது. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் வரிசையாக காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் இதுதான்.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுர வாசலில் நுழைபவர்கள் முகத்தில் காற்று வந்து மோதுவது ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். பக்தர்களுக்கு அது சுகம். ஆனால் திறந்தவெளியில் ட்ரைபாட் போட்டு நிற்பவருக்கு அதே காற்றுதான் தலைவலி.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது பொருளின் மீது தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். மணிக்கு 20 கி.மீ. காற்றில் அசையாமல் நின்ற ட்ரைபாட், 40 கி.மீ. காற்றில் நான்கு மடங்கு தள்ளலைத் தாங்க வேண்டும். வீட்டு மொட்டை மாடியில் நன்றாக வேலை செய்த ட்ரைபாட், சூரியகாந்தி வயலில் காலை வாருவது இதனால்தான்.

100 மீட்டர் தூரத்தில் 1 மில்லிமீட்டர்

டெலிபோட்டோ லென்ஸ் தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்குகிறது. கூடவே நம் ஆட்டத்தையும் பெரிதாக்குகிறது. சாதாரண 50 மி.மீ. லென்ஸ், ஃபுல் பிரேம் கேமராவில் குறுக்குவாக்கில் சுமார் 40 டிகிரி அகலத்தைப் பார்க்கும். 600 மி.மீ. லென்ஸ் பார்ப்பது வெறும் 3.4 டிகிரி. அந்தக் குறுகிய சந்துக்குள் 24 மெகாபிக்சல் கேமராவின் 6,000 பிக்சல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

அதாவது, 100 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு பறவையை 600 மி.மீ. லென்ஸில் எடுத்தால், படத்தின் ஒரு பிக்சல் என்பது அந்தப் பறவையின் மீது 1 மில்லிமீட்டர் இடம். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் லென்ஸின் பார்வை அங்கே 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் 5 பிக்சல் அளவுக்கு படம் கலங்கிவிடும். லென்ஸ் உண்மையில் திரும்புவது கண்ணுக்கே தெரியாத அளவுதான். ஏபிஎஸ்-சி வகை கேமராக்களில் பிக்சல்கள் இன்னும் நெருக்கமாக இருப்பதால் இந்தக் கணக்கு இன்னும் கறாராகிவிடும்.

கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு ஒரு பழைய விதி உண்டு. லென்ஸ் 600 மி.மீ. என்றால் ஷட்டர் வேகம் குறைந்தது 600-ல் ஒரு பங்கு விநாடியாவது இருக்க வேண்டும். நல்ல வெயிலில் இது சுலபம். குற்றாலம் சீசனில் வெயில் எங்கே? மேகமும் சாரலுமாக வெளிச்சம் மந்தமாகத்தான் இருக்கும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் ஐஎஸ்ஓ எகிறி படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். வேகத்தைக் குறைத்தால் படம் ஆடும். அதனால்தான் ட்ரைபாட்.

எவ்வளவு எடை தாங்க வேண்டும்?

முதலில் உங்களிடம் இருக்கும் பொருட்களின் எடையைக் கூட்டுங்கள். அதிகம் பயன்பாட்டில் உள்ள லென்ஸ்களில் சிக்மா 150-600 கன்டெம்பரரி சுமார் 1.9 கிலோ. டாம்ரான் 150-600 ஜி2 சுமார் 2 கிலோ. சோனி 200-600 சுமார் 2.1 கிலோ. நிகான் 200-500 சுமார் 2.3 கிலோ. இதோடு கேமரா பாடி, பேட்டரி, பிளேட் எல்லாம் சேர்ந்தால் தோராயமாக 3 கிலோ வந்துவிடும்.

அப்படியென்றால் '5 கிலோ தாங்கும்' என்று அட்டைப் பெட்டியில் போட்ட ட்ரைபாட் போதுமா? போதாது. தாங்குவது என்றால் உடையாமல், சரியாமல் நிற்பது. அசையாமல் நிற்பது வேறு. அதுவும் இந்த எடை அளவைச் சோதிக்க எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரே முறை கிடையாது. ஒரு நிறுவனத்தின் 10 கிலோவும் இன்னொரு நிறுவனத்தின் 10 கிலோவும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதனால் அனுபவமுள்ளவர்கள் பின்பற்றும் கணக்கு இது: கேமராவும் லென்ஸும் சேர்ந்த எடையைப் போல மூன்று மடங்கு. 3 கிலோ செட்டுக்கு 9 முதல் 10 கிலோ வரை என்று குறிப்பிட்ட ட்ரைபாட். ஹெட்டுக்கும் இதே அளவு. கால் 15 கிலோ தாங்கும், ஹெட் 4 கிலோதான் தாங்கும் என்றால், அந்த செட் 4 கிலோ செட்தான்.

கால்கள்: அலுமினியமா, கார்பன் ஃபைபரா?

இரண்டிலும் நல்லதும் இருக்கிறது, மோசமானதும் இருக்கிறது. அலுமினியம் விலை குறைவு, அடிபட்டாலும் நெளியுமே தவிர சட்டென்று உடையாது. கார்பன் ஃபைபர் எடை குறைவு, அதிர்வு சீக்கிரம் அடங்கும், ஆனால் விலை கூடுதல். 1990-களில் பிரான்ஸைச் சேர்ந்த கிட்ஸோ நிறுவனம் கார்பன் ஃபைபர் ட்ரைபாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு காட்டுக்குள் நடந்து போய் படமெடுப்பவர்களின் முதல் தேர்வாக அது மாறிப்போனது.

பட்ஜெட் இடிக்கிறதா? மெல்லிய கார்பனை விட தடித்த அலுமினியமே மேல். காரில் போய் இறங்கி, ரோட்டோரம் நின்று எடுப்பவருக்கு ஒரு கிலோ கூடுதல் எடை பெரிய விஷயமில்லை. காற்று நேரத்தில் அந்த எடையே துணை. மலையில் நடப்பவர்கள் மட்டும் கார்பன் பற்றி யோசிக்கலாம்.

எந்தப் பொருள் என்பதைவிட முக்கியமானவை மூன்று:

* காலின் தடிமன்: மேல் குழாய் சுண்டுவிரல் தடிமனில் இருந்தால் டெலிபோட்டோவுக்கு செட் ஆகாது. 28 முதல் 32 மி.மீ. வரை தடிமன் இருப்பது நல்லது.

* எத்தனை அடுக்கு: ஒவ்வொரு அடுக்கும் முந்தையதை விட மெல்லியது, ஒவ்வொரு பூட்டும் ஒரு பலவீனமான இடம். அதனால் 5 அடுக்கு ட்ரைபாட்டை விட 3 அடுக்கு உறுதியானது. பையில் அடங்க வேண்டும் என்றால் 4 அடுக்கு வரை போகலாம்.

* நடுத்தண்டு: உயரத்தைக் கூட்ட நடுவில் ஒரு தண்டு மேலே ஏறும். அதை ஏற்றிவிட்டால் மூன்று கால் ட்ரைபாட்டின் மேல் ஒற்றைக் கால் வைத்த மாதிரி. டெலிபோட்டோவுக்கு நடுத்தண்டே இல்லாத ட்ரைபாட் சிறந்தது. இருந்தால், ஏற்றாமல் பயன்படுத்த வேண்டும். எனவே தண்டை ஏற்றாமலே உங்கள் கண் மட்டத்துக்கு வருகிற உயரமா என்று பார்த்து வாங்குங்கள்.

ஹெட்: இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்

ட்ரைபாட் என்பது கால்கள் மட்டும்தான். கேமராவைத் திருப்ப, சாய்க்க, நிறுத்த உதவுவது ஹெட். எதைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இதைத் தேர்வு செய்ய வேண்டும்.

பால் ஹெட்: ஒரு உருண்டை மேல் கேமரா உட்காரும். ஒரே திருகை இறுக்கினால் நின்றுவிடும். சின்னது, வேகமானது. ஆனால் கனமான லென்ஸில் ஒரு ஆபத்து உண்டு. திருகைத் தளர்த்திய நொடியில், பிடி நழுவினால் லென்ஸ் முன்பக்கமாகத் தொப்பென்று சாயும். விரல் நசுங்கலாம், ட்ரைபாட்டே கவிழலாம். இன்னொரு தொல்லை, இறுக்கிவிட்டு கையை எடுத்ததும் பிரேம் லேசாகக் கீழே இறங்கும். 600 மி.மீ.-ல் அந்த 'லேசாக' என்பதே பெரிய விலகல். பால் ஹெட்தான் வேண்டும் என்றால் உருண்டை பெரிதாக இருக்கும் மாடலைப் பாருங்கள். கோபுரம், மலை, அருவி என்று அசையாத பொருளுக்கு இது போதும்.

மூன்று வழி ஹெட்: மேல் கீழ், இடம் வலம், சாய்வு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கைப்பிடி. மெதுவானது, ஆனால் துல்லியமானது. கட்டடம், நிலா, நிலக்காட்சி எடுப்பவர்களுக்கு நல்லது. பறக்கும் பறவைக்கு உதவாது.

கிம்பல் ஹெட்: செல்போனுக்குப் பயன்படுத்தும் மோட்டார் கிம்பல் வேறு, இது வேறு. இதில் பேட்டரியோ மோட்டாரோ கிடையாது. ஊஞ்சல் போல லென்ஸைத் தொங்கவிடும் அமைப்பு இது. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி சமநிலைக்குக் கொண்டுவந்துவிட்டால், திருகைத் தளர்த்தினாலும் லென்ஸ் விழாது. விட்ட இடத்திலேயே நிற்கும். ஒரு விரலால் தள்ளினால் போதும், பறவையோடு சேர்ந்து திரும்பும். அமெரிக்காவின் விம்பர்லி நிறுவனம் 1990-களில் இந்த வகையைப் பிரபலமாக்கியது. இன்று பல விலைகளில் கிடைக்கிறது. எடை ஒரு கிலோவைத் தாண்டும் என்பதுதான் குறை. பறவை, விலங்கு படமெடுப்பவர்களுக்கு இதுவே முதல் தேர்வு.

ஃப்ளூயிட் ஹெட்: டிவி செய்தி கேமராமேன்கள் பயன்படுத்துவது. உள்ளே இருக்கும் பிசுபிசுப்பான திரவம் திரும்பும் வேகத்தை ஒரே சீராக வைக்கிறது. வீடியோ எடுப்பவர்களுக்கு இதுதான். டெலிபோட்டோ வீடியோவில் கிம்பலை விட இதில் நகர்வு சீராக இருக்கும்.

காலர், பிளேட்டை மறக்காதீர்கள்

கனமான டெலிபோட்டோ லென்ஸில் ஒரு வளையமும் அதன் கீழ் ஒரு பாதமும் இருக்கும். அதுதான் ட்ரைபாட் காலர். ட்ரைபாட்டில் மாட்ட வேண்டியது அந்தப் பாதத்தைத்தான், கேமராவின் அடிப்பாகத்தை அல்ல. கேமராவை மாட்டினால் 2 கிலோ லென்ஸ் முன்னால் தொங்கும். கேமரா மவுன்ட்டுக்கும் பாரம், ஆட்டமும் அதிகம். காலர் இல்லாத இலகுவான டெலிபோட்டோவுக்கு, அந்த மாடலுக்கென்று தனியாகக் காலர் விற்கிறதா என்று விசாரிக்கலாம்.

அடுத்தது பிளேட். இப்போது பரவலாக இருப்பது ஆர்கா-ஸ்விஸ் வகை, சுமார் 38 மி.மீ. அகலம். எல்லா பிளேட்டும் எல்லா ஹெட்டிலும் பொருந்தாது. ஹெட் வாங்கும்போதே ஆர்கா-ஸ்விஸ் வகையா என்று கேட்டுவிடுங்கள். டெலிபோட்டோவுக்கு நீளமான பிளேட் வேண்டும். அப்போதுதான் முன்னும் பின்னும் நகர்த்தி சமநிலை பார்க்க முடியும். சின்ன சதுர பிளேட்டில் கிம்பலை சமன் செய்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

எந்த இடத்துக்கு எது?

சூரியகாந்தி வயல்: காற்று அதிகம், பூவும் சேர்ந்து ஆடும். ட்ரைபாட் கேமராவைத்தான் நிறுத்தும், பூவை நிறுத்தாது. எனவே ட்ரைபாட்டில் இருந்தாலும் ஷட்டர் வேகத்தை 500-ல் ஒரு பங்குக்கு மேல் வைப்பதே புத்திசாலித்தனம். அதிகாலையில் காற்று சற்று ஓய்ந்திருந்தால் அதுவே நல்ல நேரம். மழை பெய்த ஈர மண்ணில் கால் மெதுவாகப் புதையும். தட்டையான கல் அல்லது பலகைத் துண்டை ஒவ்வொரு காலுக்கும் அடியில் வைக்கலாம். வயலுக்குள் இறங்கும் முன் விவசாயியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மிதிபடுவது அவருடைய விளைச்சல்.

குளங்களும் பறவைகளும்: தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரி மாதங்களில் நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. தென்காசி மாவட்டக் குளங்களும் அதில் உண்டு. அந்தப் பருவத்தில் குளக்கரையில் நிற்பவருக்குக் கிம்பல் ஹெட்தான் கை கொடுக்கும். காருக்குள் இருந்தே எடுப்பதென்றால் ட்ரைபாட்டே வேண்டாம். ஒரு துணிப்பையில் புளியங்கொட்டையோ சோளமோ நிரப்பி ஜன்னல் விளிம்பில் போட்டு, அதன் மேல் லென்ஸை வைத்தால் போதும். செலவு சில ரூபாய், உறுதியோ அபாரம். சாரலில் நனைந்தால் மட்டும் தானியம் முளைத்துவிடும், கவனம்.

அருவி: தண்ணீர் பட்டு நூல் போலத் தெரிய வேண்டுமானால் ஷட்டர் கால் விநாடி முதல் ஒரு விநாடி வரை திறந்திருக்க வேண்டும். ட்ரைபாட் இல்லாமல் டெலிபோட்டோவில் இது நடக்காது. அருவிக்கு அருகில் போகத் தேவையில்லை என்பதே டெலிபோட்டோவின் வசதி. தள்ளி நின்றால் சாரலும் லென்ஸில் படாது, குளிப்பவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை.

கோபுரமும் நிலாவும்: தென்காசி ராஜகோபுரம் ஒன்பது நிலை, சுமார் 180 அடி உயரம். பௌர்ணமி நிலா கிழக்கே உதிக்கும். எனவே கோபுரத்துக்கு மேற்கே, அதாவது குற்றாலம் இருக்கும் திசையில், நிற்க வேண்டும். வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரிதான். ஒரு கி.மீ. தூரத்தில் நின்றால் கோபுர உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் நிலா தெரியும். மூன்று கி.மீ. தள்ளிப் போனால் பாதி உயரம். ஐந்து கி.மீ. தூரத்தில் கோபுரம் தெரிகிற இடம் கிடைத்தால் நிலா கிட்டத்தட்ட கோபுரம் அளவுக்கே வந்துவிடும். ஆனால் நிலா நிற்காது. 600 மி.மீ. லென்ஸில் ஒரு விநாடிக்கு ஏழு பிக்சல் நகரும். எவ்வளவு நல்ல ட்ரைபாட் இருந்தாலும் ஷட்டர் 8-ல் ஒரு பங்கு விநாடியைத் தாண்டக் கூடாது. இரண்டே நிமிடத்தில் நிலா தன் அகலத்தைக் கடந்துவிடும் என்பதால் ஹெட்டை முன்கூட்டியே பூட்டி, பிரேமைத் தயாராக வைக்க வேண்டும். சீசனில் மேகம் மறைத்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை வாய்ப்பு அதிகம்.

காற்றில் ட்ரைபாட்டை நிறுத்துவது எப்படி?

* உயரத்தைக் குறையுங்கள். குனிந்தோ உட்கார்ந்தோ எடுக்க முடிந்தால் அதுவே சிறந்தது.
* மேல் அடுக்கை முதலில் நீட்டுங்கள், மெல்லிய கடைசி அடுக்கை முடிந்தவரை நீட்டாதீர்கள்.
* மூன்று கால்களில் ஒன்றை லென்ஸ் பார்க்கும் திசையில் வையுங்கள்.
* சரிவான இடத்தில் ஒரு கால் மேட்டுப் பக்கம், இரண்டு கால்கள் பள்ளத்துப் பக்கம்.
* கேமரா பட்டையைக் கழற்றிவிடுங்கள். காற்றில் படபடக்கும் பட்டை கேமராவையும் ஆட்டும்.
* பலத்த காற்றில் லென்ஸ் ஹூட் பாய்மரம் போல வேலை செய்யும். மழை இல்லையென்றால் கழற்றிவிடலாம்.
* நடுவில் பையைத் தொங்கவிட்டால் அது தரையைத் தொட்டபடி இருக்கட்டும். அந்தரத்தில் ஊசலாடும் பை உதவிக்குப் பதில் உபத்திரவம்.
* உங்கள் உடலையோ காரையோ காற்றுக்குத் தடுப்பாக நிறுத்துங்கள்.
* அசையாத பொருளுக்கு விரலால் ஷட்டரை அழுத்தாமல் 2 விநாடி டைமர் அல்லது ரிமோட் பயன்படுத்துங்கள்.

லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பை என்ன செய்வது? ட்ரைபாட்டில் ஏறியதும் அணைத்துவிட வேண்டும் என்பது பழைய அறிவுரை. சில லென்ஸ்கள் ட்ரைபாட்டில் இருப்பதைத் தானாகவே உணர்ந்துகொள்ளும், சிலவற்றில் அதற்கென்று தனி மோடு இருக்கும். லென்ஸோடு வந்த கையேட்டைப் பாருங்கள். கிம்பலில் திருகைத் தளர்த்தி பறவையைத் துரத்தும்போதும், காற்றில் ட்ரைபாட்டே ஆடும்போதும் அதை ஆன் செய்து பத்து படம், அணைத்து பத்து படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை

உங்கள் லென்ஸையும் கேமராவையும் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். ட்ரைபாட்டை முழு உயரத்துக்கு நீட்டி, மேல் தட்டைப் பிடித்து இடம் வலமாக முறுக்கிப் பாருங்கள். கால்கள் முறுக்கிக்கொண்டு திரும்பினால் அது வேண்டாம்.

அடுத்து லென்ஸை மாட்டி, லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெயர்ப்பலகையைப் பாருங்கள். லென்ஸை விரலால் லேசாக ஒரு தட்டு தட்டுங்கள். திரையில் ஆட்டம் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு விநாடியில் அடங்கினால் நல்லது. நான்கைந்து விநாடி ஆடிக்கொண்டே இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தவிர்க்கலாம். கடைசியாக, பிரேமைப் பூட்டிவிட்டு கையை எடுங்கள். எழுத்து கீழே இறங்கினால் அந்த ஹெட் உங்கள் லென்ஸுக்குப் பத்தாது.

ஆன்லைனில் வாங்குபவர்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே இதைச் செய்துவிடுங்கள். முடிந்தால் வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, காற்று அடிக்கிற இடத்தில் சோதிப்பது இன்னும் நல்லது.

அனுமதியும் பாதுகாப்பும்

தென்காசி மாவட்ட மலைத்தொடரில் நெல்லை வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி சரணாலயத்துக்குள் நுழையவும் படமெடுக்கவும் அனுமதி வேண்டும். செண்பகாதேவி அருவி போன்ற மலைமேல் இடங்களுக்குப் போகும் முன் வனத்துறையிடம் கேட்பது கட்டாயம். கோயிலுக்குள் கேமரா, ட்ரைபாட் கொண்டுபோகும் முன் நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள்.

டெலிபோட்டோ லென்ஸ் கையில் இருப்பவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அருவியில் குளிப்பவர்களை, குறிப்பாகப் பெண்களையும் குழந்தைகளையும், தூரத்தில் இருந்து அவர்களுக்குத் தெரியாமல் எடுக்கக் கூடாது. நோக்கம் அருவியாகவே இருந்தாலும் பிரேமுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் உயிர். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். கீழே வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை கொட்டி வெள்ளம் வந்துவிடலாம். ஓடைப் பாறை மேல் ட்ரைபாட்டை விரித்துவிட்டால் எழுந்து ஓட மனம் வராது, எடுத்து மடக்கவும் நேரம் இருக்காது. ஆற்றுப் பாறையிலும் அருவி ஓடையிலும் ட்ரைபாட் போடாதீர்கள். தண்ணீர் நிறம் மாறினாலோ போலீஸ் விசில் அடித்தாலோ பொருளை விட்டுவிட்டு வெளியேறுங்கள்.

ட்ரைபாட் தீர்க்காத பிரச்னைகள்

மதிய வெயிலில் வயலுக்கு மேல் எழும் கானலால் படம் நெளியும். மலைக்கும் கேமராவுக்கும் நடுவில் இருக்கும் மூட்டம் படத்தை வெளுக்க வைக்கும். பொருளே அசைந்தால் அது கலங்கத்தான் செய்யும். இந்த மூன்றுக்கும் ட்ரைபாட் மருந்து அல்ல. நேரத்தை மாற்றுவது, அருகில் போவது, ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதுதான் வழி.

அதேபோல எல்லோருக்கும் ட்ரைபாட் தேவை என்பதும் இல்லை. வெளிச்சத்தில் 2,000-ல் ஒரு பங்கு வேகத்தில் பறவை எடுப்பவருக்கு ஒற்றைக் கால் மோனோபாட் போதும். கை வலி குறையும், நடக்கவும் வசதி.

அப்போ எதை வாங்குவது?

சுருக்கமாகச் சொன்னால், பறவைக்கு கிம்பல், கோபுரத்துக்கும் நிலாவுக்கும் பெரிய பால் ஹெட் அல்லது மூன்று வழி ஹெட், வீடியோவுக்கு ஃப்ளூயிட் ஹெட். எதுவாக இருந்தாலும் கீழே தடித்த கால், குறைந்த அடுக்கு, ஏற்றாத நடுத்தண்டு, மூன்று மடங்கு எடை.

புதிதாக லென்ஸ் வாங்கத் திட்டமிடுபவர்கள், ட்ரைபாட்டையும் ஹெட்டையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். மொத்தப் பணத்தையும் லென்ஸில் போட்டுவிட்டு மிச்சத்தில் ட்ரைபாட் தேடினால், கடைசியில் இரண்டு முறை ட்ரைபாட் வாங்க வேண்டிவரும். கேமரா பாடி சில வருடங்களில் பழையதாகிவிடும், லென்ஸை மாற்ற மனம் அலைபாயும். நல்ல ட்ரைபாட் பல வருடம் கூடவே வரும். குற்றாலத்தில் இருந்து திரும்பியதும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, பூட்டுகளில் சிக்கிய மணலைத் தட்டி, நன்றாக உலர்த்திவிட்டு மடக்கி வையுங்கள். அடுத்த சீசனுக்கும் அதுவே தாங்கும்.